ஒன்பது நாள் நான் சொல்லாதது

அந்தத் திங்கட்கிழமை காலை பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினேன். என் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் தட்டியது அது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மீட்டிங் அறை. ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். பேப்பர் கப்பில் ஆறிப்போன டீ. சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதன் பக்கத்தில், கையில் லேசர் பேனாவோடு கீர்த்தனா. பேனாவின் சிவப்புப் புள்ளி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தலைவி ஷைலஜா மேடம் எழுந்து, மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றார். அவர் எங்களிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். மனசு நிறைந்தால் மட்டும் கன்னடம் வரும்.

"நோடு, நோடு" என்றார். பாரு, பாரு.

நாலு வருஷமாக நான் அவருக்குக் காட்டாத படமா? ஒரு படத்துக்கும் அந்த 'நோடு' வந்ததில்லை.

படத்தில் இருந்தது

அது என்ன படம் என்று சொல்லாமல் என் பொறாமையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் சுரப்பி. தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்கிறதே, அதற்கான அட்ரினலின் அங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சுரப்பியின் செல்லுக்குள் கூட்டம் கூட்டமாக நுண்ணிய பைகள். ஒவ்வொரு பையிலும் அட்ரினலின் அடைத்து வைத்திருக்கும். பையைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. செல்லைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு.

வேளை வந்ததும் பை, செல்லின் ஓரத்துக்கு வந்து ஒட்டுகிறது. இரண்டு சவ்வும் ஒன்றாகக் கலந்து, ஒரு வாய் திறந்து, உள்ளே இருப்பது வெளியே கொட்டுகிறது. இதைத்தான் சுரப்பது என்கிறோம்.

கலக்கும் அந்தக் கணம் எப்படி இருக்கும்? அதைப் படம் பிடிப்பதுதான் எங்கள் வேலை. கண் இமைப்பதைவிட வேகமாக முடிந்துபோகிற காரியம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள செல்லைப் பார்க்க முடியாது. அதைக் கெட்டியாக்கி, பிசினில் புதைத்து, கண்ணுக்கே தெரியாத கனத்தில் சீவி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

என்னுடையது பழைய முறை. செல்லை மருந்தில் போட்டு இறுக வைப்பது. மருந்து ஊறி உள்ளே போவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்று முன்னால், இல்லை பின்னால். ஓரத்தில் காத்திருக்கும் பை, அல்லது எல்லாம் கொட்டிவிட்டு வெறும் குழியாகக் கிடக்கும் பை. நடுவில் நடந்தது ஒரு முறைகூடச் சிக்கவில்லை.

கீர்த்தனா கற்றுக்கொண்டு வந்தது புது முறை. பெரும் அழுத்தத்தில், நொடியில் ஒரு துளி நேரத்தில், செல்லை அப்படியே உறையவைத்துவிடுவது. ஐஸ் படிகம் கட்டக்கூட நேரமில்லாமல் உறைந்துவிடும்.

சுவரில் இருந்தது அந்த நடுக்கணம். கறுப்பாக ஒரு பை. அதன் சவ்வும் செல்லின் சவ்வும் தொட்ட இடத்தில் கோடுகள் ஒன்றாகிவிட்டிருந்தன. நடுவில் மிக மெல்லியதாக ஒரு வழி திறக்க ஆரம்பித்திருந்தது.

அழகான படம். அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், எனக்குள் மட்டும்.

அக்கா

அப்பாவின் எக்ஸ்ரே இருட்டறையைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். மர்பி டவுனில் எங்கள் தெருவிலிருந்து மைக்ராஸ்கோப் பக்கம் வந்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. முடித்ததும் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பத்து வருஷம் மற்றவர்களுக்குச் சீவிக் கொடுத்தேன். பிறகு மேடம்தான், "யசோதரா, உன் கை இவ்வளவு நல்லா இருக்கு, நீயே ஒரு பி.எச்டி. பண்ணேன்" என்றார். முப்பத்தி நாலு வயதில் மாணவி ஆனேன்.

கை நல்லா இருக்கு என்றால் என்ன தெரியுமா? பிசின் கட்டியை வைரக் கத்தியில் சீவினால், துண்டுகள் கத்திக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வரும். சரியான கனத்தில் இருந்தால் வெள்ளி நிறம். கொஞ்சம் தடித்தால் தங்க நிறம். அந்த வெள்ளித் துண்டுகளை ஒரு குச்சியில் ஒட்டிய இமை முடியால் ஒதுக்கி, 'கிரிட்' என்கிற பொட்டளவு செம்பு வலையில் ஏந்தி எடுக்க வேண்டும். இமை முடி என்னுடையதேதான். மூச்சு பட்டால் துண்டு ஓடிப்போகும்.

எங்கள் கூடத்தில் இதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நன்றாகச் சீவுகிறவளை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை.

கீர்த்தனா தாராபுரத்துப் பெண். என்னைவிட ஏழு வயது சின்னவள். வெளிநாட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஈஜிபுராவில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். வந்த முதல் நாளே, "உங்க தமிழ் கேக்கறதுக்கு ஜாலியா இருக்குதுங்க்கா" என்றாள். புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுத் தமிழில் கன்னடமும் உருதும் கலந்திருக்கும். அது இவளுக்கு வேடிக்கையா?

பிறகு அந்த 'அக்கா'. "அக்கா, இத கொஞ்சம் சீவித் தர்றீங்களா? அக்கா, அந்தத் திரவம் ரெடிங்களா?" மரியாதையான சொல்தான். ஆனால் அவள் அப்படிக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் பழையபடி டெக்னீஷியன் ஆனேன்.

அவளுடைய சின்னச் சின்ன விஷயமெல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் டிபன் பாக்ஸில் புளிசாதம் எந்தக் கிழமை, சிரிக்கும்போது எந்தக் கையால் வாயை மூடுவாள், மேடம் அறையில் எத்தனை நிமிஷம் இருந்துவிட்டு வருகிறாள். காதலிக்கிறவர்கள்கூட இவ்வளவு கவனிப்பார்களா, தெரியாது.

வீட்டில் அம்மா ஒரு நாள் கேட்டே விட்டார். "இன்னாடி, அந்தப் பொண்ணு பேரச் சொல்லாம உனக்கு ஒரு வாய் சோறு எறங்காதா?"

பஷீர் பாய் கடை

என்னிடம் மட்டுமே இருந்த ஒன்று சிவாஜிநகர்.

எங்களுக்கு வேண்டிய சுரப்பி ஆட்டிலிருந்து வரும். விடிந்ததும் பஸ்ஸில் போய் இறங்கி, ஈரத் தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஷீர் பாயின் கறிக்கடைக்குப் போவேன். ஐஸ் போட்ட பிளாஸ்க் கையில். அவர் கொழுப்புக்குள் விரலை விட்டு, அவரை விதை மாதிரி இருக்கும் சுரப்பியைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைப்பார்.

"ஆவ் யசோ, வா வா. இப்பதான் வெட்டினது. உனக்குன்னு எடுத்து வெச்சேன்."

"பெருசா குடுங்க பாய், போன தடவை ரொம்பச் சின்னது."

"ஆட்டுகிட்ட சொல்லி வெக்கிறேன்."

கீர்த்தனா இரண்டு முறை கேட்டாள், "நானும் வரட்டுங்களா அக்கா?" என்று. அந்த இடம் உனக்குச் சரிப்படாது, வாடை தாங்காது என்று சொல்லித் தட்டிவிட்டேன். வாடை ஒரு காரணமே இல்லை. அவள் ஒரு தடவை சிரித்தால் பஷீர் பாயும் அவள் பக்கம் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும்.

பழைய மைக்ராஸ்கோப்

கைதட்டலுக்கு வருகிறேன். கைதட்டல் அடங்கியதும் மேடம் கேட்டது ஒரே கேள்வி. "கண்ட்ரோல்?"

கண்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்ட செல்கள். பொட்டாசியம் அதிகமான திரவத்தை ஊற்றினால் செல் தூண்டப்பட்டுச் சுரக்கும். சாதாரணத் திரவத்தை ஊற்றினால் சும்மா இருக்க வேண்டும். உறைய வைப்பதற்குப் பத்து வினாடி முன்பு ஒன்றுக்கு அந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றுவோம், இன்னொன்றுக்கு இந்தப் பாட்டிலிலிருந்து. சும்மா இருக்க வேண்டிய செல்லிலும் பைகள் கலந்து நின்றால் கதை கந்தல். அந்தக் கலப்பு சுரப்பதால் வந்ததல்ல, உறைய வைக்கும் அழுத்தத்தால் வந்தது என்றாகிவிடும்.

"கண்ட்ரோல் கட்டி அக்காகிட்ட இருக்குதுங்க மேடம். அவங்க சீவினதும் பாத்துடலாம்" என்றாள் கீர்த்தனா. அடுத்த மாதம் ஹைதராபாத்தில் ஒரு கூட்டம். பல ஊர் ஆய்வாளர்கள் வருவார்கள். அங்கே அவள் இதைப் பற்றிப் பேசுவதாக அன்றைக்கே முடிவானது.

அன்று மதியமே சீவினேன். எல்லாம் வெள்ளி நிறம், ஒரு கீறல் இல்லை. சீவியது நன்றாக வந்திருக்கிறதா என்று முதல் கிரிட்டை மட்டும் மூலையில் இருக்கும் பழைய மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வழக்கம். அதை வேறு யாரும் தொடுவதில்லை.

முதல் செல். ஓரத்தில் ஒரு பை கலந்து நின்றது. கொஞ்சம் நகர்த்தினேன். இன்னொன்று. அடுத்த செல்லுக்குப் போனேன். அங்கேயும்.

சும்மா இருக்க வேண்டிய செல்கள் சுரந்துகொண்டிருந்தன.

அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்கப் போவதில்லை. உள்ளங்கை வேர்த்து, காது சூடாகி, சிரிப்பு வந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். கிரிட்டை எடுத்துப் பெட்டியில் வைத்து, தேதி போட்டு, மூடினேன்.

சாயங்காலம் கீர்த்தனா கேட்டாள். "சீவிட்டீங்களாக்கா?"

"சீவிட்டேன். இன்னும் பாக்கல. என்னோட செவ்வாய்க்கிழமை ஸ்லாட்தான் போயிடுச்சே."

பெரிய மைக்ராஸ்கோப்பில் எனக்கு இருந்த செவ்வாய் மதிய நேரத்தை மேடம் அதற்கு முந்தைய மாதம்தான் கீர்த்தனாவுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அவள் முகம் சுருங்கியது. எனக்கு அதுவும் இனித்தது.

ஒன்பது நாள்

ஒன்பது நாள் அதை உள்ளேயே வைத்திருந்தேன். அவள் ஹைதராபாத்துக்குப் படங்களை அடுக்குவதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தின் அளவு சரியா என்று என்னிடம் கேட்டாள். சரி என்றேன். இந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறதா என்றாள். தெரிகிறது என்றேன்.

என் கணக்கு இதுதான். அவள் மேடையேறிப் பேசட்டும். திரும்பி வந்த பிறகு கண்ட்ரோல் வெளியே வரட்டும். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. அந்த ஒன்பது நாளும் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீர்த்தனா வந்து நின்றாள். "அக்கா, இன்னைக்கு என்னோட ஸ்லாட்ட நீங்க எடுத்துக்கங்க. உங்களோடதுதானுங்க அது. எனக்கு மனசு கேக்கவே இல்ல."

"வேணாம், வேணாம். எனக்கு வேற வேலை இருக்கு."

"அப்ப கண்ட்ரோல நானே பாத்துடட்டுங்களா?"

மறுக்க ஒரு காரணமும் கையில் இல்லை. பெட்டியைக் கொடுத்தேன்.

நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தாள். நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். நான் ஒன்பது நாள் வைத்திருந்ததை அவள் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டு பேசினாள். மேடம் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

எனக்குக் கிடைத்தது

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். உறைய வைக்கும் முறையில் ஏதோ கோளாறு இருக்கலாம், அழுத்தமே சவ்வுகளைக் கலக்கச் செய்கிறது போலிருக்கிறது, அந்தப் படத்தை இப்போது வெளியே காட்ட முடியாது என்றார். ஹைதராபாத்தில் பேச வேண்டிய நேரம் காலியாகக் கூடாது.

"நீ பேசு யசோதரா. உன் நாலு வருஷ வேலை. மெதுவான முறைதான், ஆனா நம்பலாம்."

நம்பலாம் என்ற சொல்லைக் கேட்டு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அல்சூரில் இறங்கி மைசூர்பாக் வாங்கினேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

கீர்த்தனா அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவளுடைய மேஜையில் கழுவாத டீ கப் அப்படியே இருந்தது. அதையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

என் கையெழுத்து

பேசுவதற்கு முன்னால் புதிதாக ஒரு சோதனை செய்து, நாலைந்து நல்ல படம் சேர்க்கலாம் என்று நினைத்தேன். திரவம் தயாரிக்க வேண்டும். எங்கள் கூடத்தில் அந்த இரண்டு பாட்டில்களையும் தயாரிப்பது எப்போதும் நான்தான். எடை போட்ட அளவையெல்லாம் என் நோட்டில் எழுதி வைப்பேன்.

போன முறை எவ்வளவு போட்டேன் என்று பக்கத்தைப் புரட்டினேன்.

இரண்டு பாட்டிலுக்கும் ஒரே அளவு எழுதியிருந்தேன்.

கண்ட்ரோல் பாட்டிலில் சோடியம் உப்பு அதிகமாகவும், பொட்டாசியம் உப்பு துளியாகவும் இருக்க வேண்டும். நான் இரண்டிலும் பொட்டாசியத்தை அள்ளிப் போட்டிருந்தேன். மொத்தச் செறிவு சமமாகவே இருந்ததால் வழக்கமான பரிசோதனையில் வித்தியாசம் தெரியவில்லை. தேதியைப் பார்த்தேன். மேடம் என் செவ்வாய்க்கிழமையை கீர்த்தனாவுக்கு மாற்றிய நாள். அன்றைக்கு எடை மேஜையில் நின்றுகொண்டு மனசுக்குள் மேடத்தோடும் அவளோடும் சண்டை போட்டுக்கொண்டே உப்பை நிறுத்தது ஞாபகம் வந்தது.

குளிரறையில் கண்ட்ரோல் பாட்டில் இன்னும் இருந்தது. அடியில் நாலு விரல்கடை மிச்சம். கொண்டுபோய்ப் பொட்டாசியம் அளக்கும் கருவியில் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது.

உறைய வைக்கும் முறையில் கோளாறு ஒன்றுமில்லை. கண்ட்ரோல் செல்கள் சுரந்தன, ஏனென்றால் நான் அவற்றைத் தூண்டியிருந்தேன். கீர்த்தனாவின் படம் உண்மை. உலகத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வேண்டுமென்றே செய்தாயா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் பொறாமையில் இல்லாத ஒரு நாளில் அந்தத் தவறு நடந்திருக்காது.

இரண்டு நாள் யோசித்தேன். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. நோட்டில் ஒரு பக்கம்தான். குழாயைத் திறந்து, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்டு. கழுவவில்லை. என்னை நிறுத்தியது நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அந்தப் படம்தான் நிறுத்தியது. நாலு வருஷம் நான் தேடியது. அது பொய் என்று ஊரெல்லாம் பேசும், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது என்னால் முடியாது என்று தெரிந்தது.

மூன்றாவது மாடி

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஈஜிபுராவுக்குப் போனேன். குறுகலான தெரு, இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டும். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் தலைகூட வாரியிருக்கவில்லை.

"வாங்கக்கா." ஒரே நாற்காலியில் இருந்த துணியை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். மடிக்கணினி கட்டில் மேல் திறந்து கிடந்தது.

"எனக்கு இந்த முறையைச் சொல்லிக் குடுத்தவங்களுக்கு மெயில் எழுதிட்டு இருக்கறனுங்க. இதுல தப்பு இருக்குது, யாரும் நம்பாதீங்கன்னு."

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"அனுப்பாத." நோட்டை அவள் மடியில் வைத்தேன். பக்கத்தைக் காட்டினேன். பாட்டிலை அளந்ததையும் சொன்னேன்.

இரண்டு தடவை படித்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்ப படம் சரிதானுங்களா? சரிதானுங்களா அக்கா?"

"சரிதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாட்டில் தப்பு யாருக்கு வேணும்னாலும் வரும். விடுங்க்கா." எழுந்து டீ போடப் போனாள். அடுப்பைப் பற்றவைத்தவள் அப்படியே நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா. சீவுனா முதல் கிரிட்ட நீங்க பழைய மைக்ராஸ்கோப்புல பாக்காம பெட்டியில வெக்க மாட்டீங்க. பெட்டியில தேதி ஒம்பது நாள் முந்தியதா இருந்துச்சு."

கட்டில் மேல் இருந்த நோட்டை எடுத்து மூடினேன்.

"பாத்தீங்களா?"

பொய் வாய்வரை வந்தது. வந்த பொய் திரும்பிப் போய்விட்டது.

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் எழுத்தோட அளவு சரின்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"நான் அங்க போயிப் பேசி அசிங்கப்படணும்னு?"

"ஆமா கீர்த்தனா."

அடுப்பை அணைத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. கீழே வந்து, எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறி, வேறெங்கோ போய் இறங்கினேன்.

ஒன்றுமில்லாத படங்கள்

திங்கட்கிழமை மேடத்திடம் இரண்டையும் சொன்னேன். பாட்டிலையும், ஒன்பது நாளையும். பாட்டிலைப் பற்றிச் சொன்னபோது தலையசைத்தார். ஒன்பது நாளைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பேஜாராயித்து யசோதரா" என்றார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது என்று அர்த்தம். கன்னடத்தில் எனக்கென்று அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

இனி திரவம் தயாரிப்பது கீர்த்தனாவே. நான் பேசப் போவதில்லை. ஹைதராபாத்தில் பேசும் நேரம் அவளுக்கே திரும்பப் போகும், கூட்டத்துக்குள் சோதனையை மறுபடி செய்து முடித்தால்.

செய்ய வேண்டுமானால் சுரப்பி வேண்டும். கீர்த்தனா என் மேஜைக்கு வந்து, என்னைப் பார்க்காமல், "நாளைக்கு சிவாஜிநகர் நானும் வர்றேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

பஷீர் பாய் அவளைப் பார்த்ததும், "யாரு, புதுப் பேட்டியா, புது மகளா?" என்று கேட்டு, இருந்ததிலேயே பெரிய சுரப்பியை எடுத்து அவள் கையில் வைத்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது. நானே என்னைப் பார்த்து அசந்துபோனேன்.

கட்டிகள் தயாரானதும் அவள் சொன்னாள், "கண்ட்ரோல நீங்களே சீவுங்க. எனக்கு அந்த அளவுக்குக் கை வராது. ஆனா நான் பக்கத்துல உக்காந்துக்குவேன்." உட்கார்ந்தாள். ஒரு கிரிட்டையும் என்னைத் தனியாக எடுத்துப் போக விடவில்லை. இருவரும் சேர்ந்துதான் திரையைப் பார்த்தோம். முதல் செல், பைகள் அமைதியாக இருந்தன. இரண்டாவது, அமைதி. பத்தாவது, இருபதாவது, ஒன்றுமில்லை. ஒன்றும் தெரியக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டு பார்த்த முதல் படங்கள் அவை. அவள் ஒவ்வொன்றுக்கும் "அடுத்தது" என்றாள்.

நான்காவது வரிசை

ஹைதராபாத்துக்கு மேடம் என்னையும் அனுப்பினார், என் பழைய படங்களை ஒரு போஸ்டராக ஒட்டி வைக்க. கீர்த்தனா பேசியபோது நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பேசினாள். அந்தப் படம் வந்ததும் அரங்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் மைக்கை வாங்கினார். "உங்கள் கண்ட்ரோலில் எப்போதாவது கலந்த பைகள் தெரிந்தனவா? மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

அவளுக்கு எல்லாம் தெரியும். என் பேரும் தெரியும், நான் உட்கார்ந்திருக்கும் இடமும் தெரியும். மேடையிலிருந்து ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள்.

"ஒரு தடவை தெரிந்தது" என்றாள். "எங்கள் திரவத்தை நாங்கள் தவறாகத் தயாரித்துவிட்டோம். நாங்களே கண்டுபிடித்துத் திருத்தினோம். இதோ, இரண்டு கண்ட்ரோலையும் காட்டுகிறேன்."

நாங்கள் என்றாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு நொடி. அதற்குப் பின்னாலேயே பழைய வலி. அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேரைச் சொல்லியிருப்பேன். கையைக்கூட நீட்டியிருப்பேன். படத்துக்காக அவள் மேல் இருந்த பொறாமை அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. 'நாங்கள்' என்று அவ்வளவு சுலபமாக அவளுக்கு வந்ததே, அதன் மேல் வந்த பொறாமை இன்றைக்கும் போகவில்லை.

பேசி முடித்து இறங்கி வந்தவள், எங்கெங்கோ இடமிருந்தும், என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அடுத்தவர் மேடையேறிக்கொண்டிருந்தார். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள், மெதுவாக.

"நல்லா இருந்துச்சு கீர்த்தனா" என்றேன்.

அவள் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அவளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.